மூலைக் கட்டத்துக்கு நிழல்

வெயில் தனக்கொரு சொந்த ஊர் வேண்டுமென்று தேடி அலைந்த காலத்தில் உப்போடைக்கு வந்துதான் மூட்டையை இறக்கி வைத்தது என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்லிக்கொள்வார்கள். அதில் அவர்களுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு, ஏனென்றால் பெருமைப்பட்டுக்கொள்ள உப்போடையில் வேறெதுவும் கிடையாது. பருத்தி வியாபாரம் செழித்திருந்த நாளில் யாரோ ஓர் அதிகாரி வெட்டவெளியில் கயிறு பிடித்து, சுண்ணாம்பால் கோடு போட்டு, குறுக்கும் நெடுக்குமாகத் தெருக்களை அளந்து கட்டிய ஊர் அது. தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் ஏறிப் பார்த்தால் ஊர் முழுக்கக் கட்டம் கட்டமாகத் தெரியும். பருத்தி போய்விட்டது, அதிகாரி போய்விட்டார், கட்டங்கள் மட்டும் வெயிலோடு மிஞ்சின.

அந்த ஊரின் வடகிழக்கு மூலையில், கடைசிக் கட்டத்தில், ராஜகனியின் மாவு மில் இருந்தது. தகரக் கூரை போட்ட மில். அதே தகரத்தைக் கொஞ்சம் இழுத்துவிட்டு அதன் கீழே வீடு. அரைக்க வருகிறவர்கள் உட்காரட்டும் என்று வாசலில் ஒரு நீள பெஞ்சு போட்டாள், உட்கார்ந்தவர்கள் ஊர்வம்பு பேசுகிறார்கள் என்று காலைப் பத்திரிகை வாங்கிப் போட்டாள், பத்திரிகையில் செய்தி படித்தால் கட்சிச் சண்டை வருகிறது என்று கடைசிப் பக்கம் மட்டும் தெரியும்படி மடித்துப் போட்டாள், அந்தக் கடைசிப் பக்கத்தில் 'வௌவால்' என்ற புனைபெயரில் யாரோ ஒருவர் தினமும் ஒரு குறுக்கெழுத்துப் புதிர் போட்டுக்கொண்டிருந்தார், இப்படித்தான் அந்தப் பெஞ்சுக்குப் பைத்தியம் பிடித்தது.

நேராகக் கேட்கிற புதிராக இருந்தால் யாரும் சீந்தியிருக்க மாட்டார்கள். வௌவால் எதையும் நேராகக் கேட்கமாட்டார். "கிரீடத்தின் தலையைக் கொய்தால் தண்ணீர் சுமக்கலாம்" என்பார். மகுடத்தின் முதல் எழுத்தை எடுத்துவிட்டால் குடம் என்று கண்டுபிடிக்க ஒரு படி மிளகாய் அரைபடுகிற நேரம் ஆகும். மில் ஓடுகிற சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டும். "தலையைக் கொய்யணும் பாய், தலையை மட்டும் கொய்ங்க!" என்று ராஜகனி உள்ளேயிருந்து கத்துவதைக் கேட்டு, வெளியூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த புதுப்பெண் ஒருத்தி மல்லித்தூளை வாங்காமலேயே வீட்டுக்கு ஓடியிருக்கிறாள்.

பாய் என்றால் யாகூப் பாய், தையல்கடைக்காரர். காலையில் கடையைத் திறந்து ஊதுபத்தி கொளுத்தி வைத்துவிட்டு மில்லுக்கு வந்துவிடுவார், அவரிடம் சட்டை தைக்கக் கொடுத்தவர்களும் வேறு வழியில்லாமல் பெஞ்சுக்கே வந்து அளவு கொடுப்பார்கள். அவருக்குப் பக்கத்தில் சவரிமுத்து சார், பள்ளிக்கூடத்தில் ஓவிய வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். விடை கண்டுபிடிப்பதைவிடக் கட்டங்களை ரசிப்பதில்தான் அவருக்கு ருசி. "பேப்பரைத் தலைகீழாப் பிடிச்சுப் பாருங்கம்மா, கறுப்புக் கட்டமெல்லாம் அதே இடத்துல இருக்கும். இந்தப் பக்கம் ஒண்ணு வச்சா எதிர்ப்பக்கம் ஒண்ணு வைக்காம விடமாட்டார் மனுஷன்" என்று தினமும் ஒருமுறை சொல்லிவிடுவார். யாரும் காதில் போட்டுக்கொண்டதில்லை.

அந்தப் பெஞ்சுக்கு ஒரு வழக்கம் இருந்தது. விடை தெரிந்தவர் அதைச் சொல்லிவிடக் கூடாது. "விழுந்துருச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். மற்றவர்களுக்கும் விழும்வரை காத்திருக்க வேண்டும். "எனக்கு விழல, சொல்லிரு" என்று ஒருவர் வாய்விட்டுக் கேட்டால்தான் சொல்லலாம். ஆனால் அப்படிக் கேட்பது தெருவில் வேட்டி அவிழ்ந்து நிற்பதற்குச் சமம் என்பதால் யாரும் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதற்காக யாகூப் பாய் ஒருமுறை ஒரு கல்யாணச் சாப்பாட்டையே கோட்டைவிட்டார். எல்லாருக்கும் விழுந்த பிறகு கட்டத்தில் எழுதுவது ராஜகனியின் வேலை. மில் அவளுடையது, பேனாவும் அவளுடையது.

அந்த வழக்கத்தால்தான் அவள் குடும்பமும் இரண்டாகப் போயிற்று. அப்போது மில் அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவாக இருந்தது. அண்ணன் தங்கச்சாமி ராஜகனியின் புருஷன், தம்பி ஜெயபாண்டி. ஜெயபாண்டியின் பெண்டாட்டி சந்திரகாந்தியும் ராஜகனியும் ஓரகத்திகள் மாதிரியா இருந்தார்கள், ஒரே வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒரே பேனாவில் புதிர் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் ஒரே ஒரு விடை பாக்கி. "நாற்காலியின் பின்பாதியில் யாருமில்லை." சந்திரகாந்திக்கு விழுந்துவிட்டது, பாய்க்கு விழுந்துவிட்டது, சாருக்கும் விழுந்துவிட்டது. ராஜகனி "விழுந்துருச்சு, விழுந்துருச்சு, இந்தா வர்றேன்" என்று சொல்லிக்கொண்டே அறுந்த பெல்ட்டை மாட்ட உள்ளே போனாள். திரும்பி வந்து பார்த்தால் கட்டத்தில் 'காலி' என்று சந்திரகாந்தியின் கையெழுத்தில் எழுதியிருந்தது.

"யாரைக் கேட்டுடி எழுதுன?"

"நேரமாச்சுல்லக்கா. அதோட, உங்களுக்கு இன்னைக்கு விழுந்துருக்காது" என்றாள் சந்திரகாந்தி, பெஞ்சு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க.

விழவில்லைதான். அதுதான் பொறுக்க முடியவில்லை. ஒரு வார்த்தை இரண்டாகி, இரண்டு நாலாகி, அடுத்து வந்த ஆவணியில் ஜெயபாண்டி பங்கைப் பிரித்துக்கொண்டு ஊரின் தென்மேற்கு மூலையில் போய்க் கடலையெண்ணெய்ச் செக்குப் போட்டான். ஊருக்குள் அதைவிடத் தூரமாகப் போக இடமில்லை. கேட்டவர்களிடம் எல்லாம் சொத்துத் தகராறு என்று சொல்லி வைத்தார்கள், இரண்டெழுத்துக்காகப் பிரிந்தோம் என்று எப்படிச் சொல்வது? அதன் பிறகு கோயில் கொடை, கல்யாணம், சாவு எதிலும் ராஜகனியும் சந்திரகாந்தியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நடந்துபோகப் பழகிக்கொண்டார்கள், பழகப் பழக அதுவும் ஒரு சொந்தம் போலவே ஆகிவிட்டது.

இப்படியே வருஷங்கள் போக, ஒரு பங்குனி மாதக் காலையில், ராஜகனி புதிரின் கடைசி எழுத்தை எழுதிப் பேனாவை மூடிய அந்த நிமிஷத்தில், உப்போடையின் மேல் நிழல் இறங்கியது.

மேலே மேகம் கிடையாது, மரம் கிடையாது, எந்தக் கட்டடமும் சாயவில்லை. நாலைந்து வீடும் ஒரு தெருமுனையும் அடங்குகிற அளவில், சதுரம் சதுரமாக, கத்தரிக்கோலால் வெட்டிப் போட்டது போல நிழல் ஊரெங்கும் கிடந்தது. பஸ் ஸ்டாண்டில் ஒன்று, மீன் மார்க்கெட்டில் ஒன்று, போலீஸ் ஸ்டேஷனில் பாதியையும் எதிரே இருந்த சாராயக் கேஸ்காரன் வீட்டில் பாதியையும் சேர்த்து ஒன்று. ஓர் ஆடு முன்கால் நிழலிலும் பின்கால் வெயிலிலுமாக நின்று யோசித்துவிட்டு முழுசாக நிழலுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. சவரிமுத்து சார் பத்திரிகையைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினார், ஊரையும் பத்திரிகையையும் மாறி மாறிப் பார்த்தார், இறங்கி வந்தார்.

"நம்ம வௌவாலோட கறுப்புக் கட்டம்தாம்மா. அப்படியே இறங்கியிருக்கு. ஒண்ணுகூடப் பிசகல."

"சரி சார், உக்காருங்க. மூச்சு வாங்குதுல்ல" என்றாள் ராஜகனி. அடுத்து யாருடைய கம்பு அரைக்க வேண்டும் என்று பார்க்கப் போனாள்.

உப்போடை அந்த அதிசயத்தைப் பழகிக்கொள்ள அதிக நாள் எடுத்துக்கொள்ளவில்லை. இலவசமாக வருகிற எதையும் அந்த ஊர் கேள்வி கேட்டதில்லை. தினமும் புதிர் மாறியது, புதிரோடு நிழலும் இடம் மாறியது. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாதவர்கள்கூடக் கட்டத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். கீரைக்காரிகள் பத்திரிகையைப் பார்த்துவிட்டுத்தான் கூடையைத் தூக்கினார்கள், பிள்ளைத்தாய்ச்சிகளை எந்தத் தெருவுக்கு நடக்கவிடலாம் என்று மாமியார்கள் கட்டம் எண்ணினார்கள், பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு ஒருநாள் கறிக்கடை வாசலில் நடந்தது. கவுன்சிலர் இது தன்னுடைய முயற்சியால் கிடைத்த நிழல் என்று பேனர் கட்டினார், மறுநாள் பேனர் வெயிலில் வெளுத்துப்போனதும் அவிழ்த்துக்கொண்டார்.

ஒரு சங்கடம் மட்டும் இருந்தது. புதிர் முழுக்க நிரம்பினால்தான் நிழல் இறங்கும். எத்தனை பேர் எத்தனை வீட்டில் போட்டாலும் சரி, ராஜகனியின் பெஞ்சில் வைத்து அந்தப் பேனாவால் கடைசி விடையை எழுதினால்தான் இறங்கும். அதுவரை சும்மா பொழுதுபோக்காக இருந்தது ஊர்ப் பொறுப்பாகிவிட்டது. காலை வெயில் ஏற ஏற மில் வாசலில் கூட்டம் சேரும். "இன்னும் எத்தனைங்க மதினி பாக்கி?" என்று மூட்டை தூக்குகிறவர்கள் கேட்பார்கள். யாகூப் பாய் தலையைச் சொறிந்தால் ஊரே தலையைச் சொறியும். லேசான புதிர் போட்ட நாளில் வௌவாலை வாழ்த்தினார்கள், கடினமாகப் போட்ட நாளில் அவர் குடும்பத்தையே சந்திக்கு இழுத்தார்கள், அவருக்குக் குடும்பம் உண்டா என்று யாருக்கும் தெரியாது.

பிறகு தபால் கார்டு எழுத ஆரம்பித்தார்கள். பேத்தியின் சடங்குக்கு மூன்றாம் வரிசை ஐந்தாம் கட்டத்தைக் கறுப்பாக்கும்படி ஒருவர் பத்திரிகைக்கு எழுத, நிழலைப் பற்றி ஒன்றும் அறியாத வௌவால், இந்த ஊரில் கறுப்புக் கட்டத்தின் அழகைப் புரிந்தவர்கள் இருக்கிறார்களே என்று பூரித்துப்போய்ச் சொன்ன தேதியில் போட்டுவிட்டார். சடங்கு ஜோராக நடந்தது. ஆனால் இந்தப் பக்கம் ஒன்று வைத்தால் அந்தப் பக்கம் ஒன்று வைக்காமல் விடமாட்டாரே, எதிர்க்கட்டத்தில் வத்தல் மிளகாய் காயப்போட்டிருந்தவருடைய மிளகாய் பூராவும் நிழலில் கிடந்து பூஞ்சை பூத்துப்போய்விட்டது. அடிதடி வரைக்கும் போனது. பெஞ்சு கூடியது. ராஜகனிதான் தீர்ப்புச் சொன்னாள்.

"நிழல் கேக்கிறவுக எதிர்க்கட்டத்துக்காரவுக கையெழுத்தையும் வாங்கிட்டு வரணும். ரெண்டு கையெழுத்து இல்லாம எந்தக் கார்டும் இங்கயிருந்து போவாது. யாரா இருந்தாலும் சரி."

ஊர் அதை ஏற்றுக்கொண்டது. எதிர்க்கட்டத்து வீட்டுக்காரர்களுக்குக் 'கட்டச் சம்பந்தி' என்று பெயர் வந்தது. தீபாவளிக்குப் பலகாரம் கொடுத்தனுப்புவது, ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு மற்றவர் சீர் தூக்கிப்போவது என்று அந்தச் சம்பந்தம் வளர்ந்தது. ரத்த சொந்தத்தைவிட அது மேல் என்று சிலர் சொன்னார்கள், கட்டச் சம்பந்தியோடு சொத்துப் பிரிக்க வேண்டியதில்லை அல்லவா? "யாரா இருந்தாலும் சரி" என்று சொன்னபோது தனக்கு யார் கட்டச் சம்பந்தி என்று ராஜகனி யோசிக்கவில்லை. யோசிக்க அவசியமும் இல்லை, வௌவால் மூலைகளைக் கறுப்பாக்கியதே கிடையாது. ஊருக்கெல்லாம் நிழல் இறக்கிவிட்ட அந்த மில் மட்டும் ஒருநாளும் நிழலைப் பார்க்கவில்லை.

நிழல் வந்து ஒரு வருஷம் ஆன சித்திரையில் தங்கச்சாமி விழுந்துவிட்டார். மிளகாய் மூட்டையைத் தூக்கப் போனவர் அப்படியே சாய்ந்தார், ஒரு கையும் ஒரு காலும் வேலைநிறுத்தம் செய்துவிட்டன. ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து தகரக் கூரையின் கீழே கட்டிலில் போட்டார்கள். வாய் மட்டும் பழைய வாய்தான். "ராஜகனி, எண்ணெய் வேண்டாம், என்னை அப்படியே திருப்பிப் போடு, மறுபக்கம் வேகட்டும்" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் மத்தியானமானால் கண் செருகிவிடும், உதடு காய்ந்து பேச்சு நின்றுவிடும், ஃபேன் அனலைத்தான் அள்ளி வீசும். ஈரச் சேலையைக் கட்டிலைச் சுற்றிக் கட்டுவாள், அவள் திரும்புவதற்குள் அது காய்ந்துவிடும். இவரை எப்படியாவது குளிர்ச்சியாக வைத்துக்கொள்ளுங்கள், இந்தக் கத்திரி வெயில் தாண்டிவிட்டால் பிழைத்துக்கொள்வார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கத்திரி இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. வேறு வீடு பார்த்து மாற்றலாமென்றால் மில்லை விட்டுவிட்டு அவள் எதைத் தின்பாள்?

"ஒரு கார்டு எழுதிப் போட்டா என்ன?" என்றார் யாகூப் பாய். "மூலைக் கட்டத்தைக் கேட்டுப் பாப்போமே."

"கையெழுத்துக்கு எங்கிட்டுப் போறது?"

பாய் தென்மேற்குப் பக்கமாகப் பார்த்தார். சவரிமுத்து சாரும் பார்த்தார். ராஜகனி மட்டும் பார்க்கவில்லை. இருவரும் போன பிறகு ஒரு கார்டை எடுத்து எழுதினாள். ராஜகனி என்று ஒரு கையெழுத்துப் போட்டாள். அதற்குக் கீழே சந்திரகாந்தி என்று தானே போட்டுவிடலாம், அந்தக் கையெழுத்து அவளுக்குப் பழக்கமானதுதான், அந்தக் 'கா'வின் துணைக்காலை எங்கே வளைப்பாள் என்றுகூடத் தெரியும். பேனா முனையைக் கார்டில் வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அந்த மூலையில் நிழல் விழுந்தால் செக்குக்காரியின் களத்தில் கடலை காயாது, காயாத கடலையை ஆட்டினால் எண்ணெய் காறிப்போகும், அதுதான் அவர்கள் பிழைப்பு. ஊருக்கு ஒரு நியாயம் சொல்லிவிட்டு எனக்கு ஒரு நியாயமா என்று அவளுக்கே வெட்கமாகப் போயிற்று. கார்டை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

வடகிழக்கிலிருந்து தென்மேற்குக்கு அன்றைக்கு இறங்கியிருந்த நிழல்களை எல்லாம் தாண்டித்தான் நடந்தாள், எதிலும் நிற்கவில்லை. செக்கு முன்னால் களத்தில் நிலக்கடலைப் பருப்பு விரித்திருந்தது. சந்திரகாந்தி காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தாள். முன்நெற்றி நரைத்திருந்தது, அது எப்போது நரைத்தது என்று ராஜகனிக்குத் தெரியவில்லை.

"மூலைக் கட்டத்துக்கு எழுதியிருக்கேன். அவரால வெயில் தாங்க முடியல. உன் கையெழுத்து வேணும்."

சந்திரகாந்தி கடலையைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள், கார்டைப் பார்த்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

"பெரியத்தானுக்காகப் போடுறேன்" என்றாள். "கத்திரி முடியிற வரைக்கும்னு எழுதிக்கோங்க."

வா என்று சொல்லவில்லை, உட்கார் என்று சொல்லவில்லை, அந்த வெயிலில் நடந்து வந்தவளிடம் ஒரு வாய் தண்ணி குடிக்கிறீகளா என்று கேட்கவில்லை. கார்டைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பி நடந்தபோது ராஜகனிக்கு அழுகை வந்தது. கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. அவள் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்துப் பதிலெல்லாம் தயார் செய்துகொண்டு போயிருந்தாள், ஒன்றையும் சொல்ல முடியாமல் திரும்பினாள்.

கத்திரி பிறந்த அன்றைக்கு வந்த பத்திரிகையில் மூலைகள் இரண்டும் கறுப்பாக இருந்தன. பெஞ்சு அதைப் பார்த்ததும் உற்சாகமாகிவிட்டது. உற்சாகம் ரொம்ப நேரம் நிற்கவில்லை, ஏனென்றால் மூலையை விட்டுக்கொடுத்த கோபத்தையெல்லாம் வௌவால் குறிப்புகளில் காட்டியிருந்தார். முக்கி முனகி எல்லாவற்றையும் போட்டு முடித்து, ஒரே ஒரு விடையில் வந்து மாட்டிக்கொண்டார்கள். "முதலைப் பறிகொடுத்த முதலாளி கோயில் தூணில் நிற்கிறார்." இரண்டெழுத்து.

"துவாரபாலகர்" என்றார் ஒருவர்.

"ரெண்டெழுத்துய்யா."

"நந்தி."

"நந்தி என்னைக்கு நின்னுச்சு, அது எப்பவும் உக்காந்தேயிருக்கும்" என்றார் பாய்.

மில்லை நிறுத்திவிட்டார்கள், சத்தம் யோசனையைக் கெடுக்கிறதாம். வெயில் உச்சிக்கு ஏறியது. வாசலில் கூட்டம் பெருகியது, கூட்டம் பெருகப் பெருகப் புழுக்கம் பெருகியது. தங்கச்சாமியின் பேச்சு நின்று வெகுநேரமாகியிருந்தது. ராஜகனி உள்ளே ஓடி அவர் நெற்றியில் ஈரத்துணியைப் போடுவாள், வெளியே ஓடி வந்து முதலாளி முதலாளி என்று முணுமுணுப்பாள், மறுபடி உள்ளே ஓடுவாள். முதலாளி முதலைப் பறிகொடுத்தால் கடனாளி ஆவான், கடனாளி எப்படிக் கோயில் தூணில் நிற்பான்? அவள் மண்டைக்குள் ஒன்றும் விழவில்லை.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு சந்திரகாந்தி வந்தாள். முகமெல்லாம் வேர்வை, தலையெல்லாம் கடலைத் தொலி.

"நிழல் வருதா வரலையா? இன்னைக்கு வருதுன்னு கடலையெல்லாம் உள்ள அள்ளிக் குமிச்சுட்டு உக்காந்துருக்கேன். வராதுன்னா சொல்லுங்க, போய் விரிச்சுக்கிறேன். இருக்கிற வெயிலும் வீணாப்போவுது."

சவரிமுத்து சார் பத்திரிகையை அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார். சந்திரகாந்தி குனிந்து பார்த்தாள். ஒரு தடவை படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"விழுந்துருச்சு" என்றாள்.

வாயை மூடிக்கொண்டாள்.

கூட்டம் கொதித்தது. "சொல்லுத்தா, நேரமாவுதுல்ல" என்றார்கள், "இதென்ன வெளையாட்டு" என்றார்கள். சந்திரகாந்தி அசையவில்லை. பெஞ்சின் வழக்கம் என்னவென்று அவளுக்குத் தெரியும், அதை ஒருமுறை மீறியதற்கு என்ன ஆனது என்றும் தெரியும். அவள் கண்கள் மட்டும் கதவுக்குள்ளே, கட்டிலில் கிடந்தவர் மேல் இருந்தன. கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதையும் துடைக்காமல் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ராஜகனி நிலைப்படியில் நின்றாள். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்தான். அந்த ஊரில் அதுவரை யாரும் சொல்லாத வாக்கியம் அது, அதைச் சொல்லாமல் இருப்பதற்காகவே ஒரு வீட்டை இரண்டாக்கினவள் அவள்.

"எனக்கு விழல காந்தி" என்றாள். சத்தமாகத்தான் சொன்னாள், மில் ஓடாததால் தெருக்கோடி வரை கேட்டது. "அன்னைக்கும் விழல. சொல்லிரு."

"சொல்றதென்ன" என்றாள் சந்திரகாந்தி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "பேனாவைக் குடுங்கக்கா."

முதலாளியிலிருந்து முதலை எடுத்துவிட்டால் ஆளி, அதாவது யாளி. கோயில் தூணில் தும்பிக்கையும் கோரைப்பல்லுமாக எழும்பி நிற்கிற சிங்கம். "அட, ஆமா" என்று பாய் நெற்றியில் அடித்துக்கொண்டார். சந்திரகாந்தி எழுதி முடித்துப் பேனாவை மூடவும், நிழல் இறங்கவும் சரியாக இருந்தது. தகரக் கூரை வெயில் விட்ட தகரம் போடுகிற சத்தத்தை டப்டப்பென்று போட்டது. உள்ளேயிருந்து வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. ராஜகனிக்கு உள்ளே போகப் பயமாக இருந்தது. அப்புறம் பழைய வாய் கேட்டது.

"யாருடி அது, கரண்டு பில் கட்டிட்டீகளா? ஏசி போட்டாப்புல இருக்கு."

சந்திரகாந்திதான் முதலில் உள்ளே ஓடினாள். "பெரியத்தான்" என்று கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய விளங்காத கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ எப்ப வந்த? உன் புருஷன் எங்க, அந்தப் பயல் வரலையா?" என்று அவர் கேட்டார். வருவார், வருவார் என்று அவள் சொன்னாள். ராஜகனி அடுப்படியில் போய் ஒரு செம்பு மோரைக் கலக்கிக் கொண்டுவந்து அவளிடம் நீட்டினாள், அவள் ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் செம்பைத் திருப்பிக் கொடுத்தாள்.

"கடலை?" என்றாள் ராஜகனி.

"கெடக்கட்டும்க்கா. நாளைக்கும் நிழல்தானே. ஒரு மாசத்துக்குக் கையெழுத்துப் போட்டுருக்கேன்ல. நட்டம் வந்தா வருது."

ராஜகனி மாவு மூட்டை தள்ளுகிற வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். தென்மேற்கு மூலைக்குப் போய், கொழுந்தன் ஜெயபாண்டி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க, உள்ளே குவித்திருந்த கடலையைச் சாக்குகளில் அள்ளினாள். "அண்ணன் கூப்பிடுறாரு, போங்க" என்று மட்டும் சொல்லி அவனைத் துரத்திவிட்டாள். பத்திரிகையை எடுத்துப் பார்த்து, அன்றைக்கு வெள்ளைக் கட்டங்கள் எங்கெங்கே சேர்ந்தாற்போல் இருக்கின்றன என்று எண்ணி, ஊரிலேயே அதிகமாக வெயில் விழுகிற பழைய பருத்திச் சந்தை முக்குக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். தெருவில் படுதாவை விரித்துக் கடலையைக் கொட்டிப் பரப்பினாள்.

சற்று நேரத்தில் யாகூப் பாய் அந்தப் பக்கமாகக் கடைக்குப் போனார், இரண்டு பக்கமும் நிழல் கிடக்க நட்டநடு வெயிலில் தலையில் முக்காட்டைப் போட்டுக்கொண்டு குச்சியோடு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து நின்றார்.

"நல்லாருக்கு தங்கச்சி. ஊரையே கூட்டி நிழலை வாங்கிட்டு, நீ இங்க வந்து காயிற?"

"மில்லுல யாரு இருக்கா?" என்று கேட்டாள் ராஜகனி.

"காந்திதான். ரெண்டு பேருக்கு மல்லி அரைச்சுக் குடுத்துட்டா. அண்ணனும் தம்பியும் பேசிக்கிட்டே இருக்காக, ஒண்ணும் வெளங்கல, ரெண்டு பேரும் அழுவுறாக."

"அப்ப சரி" என்றாள் ராஜகனி. கிட்ட வந்த காக்காயைக் குச்சியால் விரட்டிவிட்டு, இந்தப் பக்கம் காய்ந்த கடலையை அந்தப் பக்கமாகக் கையால் புரட்டிவிட்டாள்.